எட்டுக் கிலோ நரம்பும் மூன்று கிலோ மீனும்

அறுந்த தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்றபோது எனக்குத் துக்கத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. நரம்பு வந்த டப்பாவில் 8 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. மாட்டியிருந்தது ரோகு. ஒரு தரம் மேலே வந்து புரண்டபோது பார்த்தேன், மூன்று கிலோ இருக்கும், மிஞ்சிப்போனால் மூன்றரை. ரீலை நான் இறுக்கிப் பூட்டியும் வைக்கவில்லை. மீன் இழுக்க இழுக்க நரம்பு கிர்ரென்று போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு அறுபது மீட்டர் போயிருக்கும். அப்புறம் "டப்".

"விட்டுப் பிடிக்கணும்டா" என்றார் சித்தப்பா.

"விட்டுக்கிட்டுத்தானே சித்தப்பா இருந்தேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பயணப் பெட்டிகளை நிறுக்கும் தொங்குதராசை நரம்பில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். ரீல் சுற்ற ஆரம்பித்த பிறகு 2 கிலோ காட்டியது. நரம்பின் பலத்தில் கால் பங்கு. அனுபவசாலிகள் வைக்கச் சொல்லும் அளவும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான். கணக்கு சரி, நரம்பு புதிது, ஆனாலும் அறுந்தது. ஏன் என்று தேடப்போனால் பள்ளியில் படித்த இயற்பியலில் பாதி இந்த ஒரு தூண்டிலுக்குள் இருக்கிறது.

முதலில் மீனின் எடையை மறந்துவிடலாம். ரோகு போன்ற மீன்களுக்கு உடம்புக்குள் காற்றுப்பை உண்டு. அதனால் தண்ணீருக்குள் அதன் எடையும் மிதப்பும் கிட்டத்தட்டச் சமம். மூன்று கிலோ மீன் நீருக்குள் இருக்கும்வரை நரம்பில் மூன்று கிலோ தொங்குவதில்லை. நரம்பை இழுப்பது அதன் வால்தான். 5 கிலோ நரம்பில் 10 கிலோ மீனைப் பிடிக்க முடிவதும் இதனால்தான். அதே மீனைக் கரையருகே கொண்டுவந்து, ஆசையில் சட்டென்று மேலே தூக்கினால் அந்தக் கணமே முழு எடையும் நரம்பில் ஏறும். அடியில் ஒரு கைவலை கொடுக்காமல் தூக்கி, காலடியில் மீனை விட்டவர்கள் எத்தனை பேர்!

என் மீன் போனது காலடியில் இல்லை, தூரத்தில். ஆகவே அடுத்து ரீல்.

ரீல் என்பது மீனை இழுத்துக் கொண்டுவரும் ராட்டினம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இன்று கடைகளில் அதிகம் விற்கும் ஸ்பின்னிங் ரீலின் அடிப்படை, 1905-இல் ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. அவர் மீனவர் இல்லை, பிராட்போர்டு நகரத்துக் கம்பளி மில் முதலாளி. மில்லில் நூல்கண்டு சுழலாமல் நிற்க, அதன் தலை வழியாக நூல் வழுக்கிக்கொண்டு வருவதைத் தினமும் பார்த்தவர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய ரீல்களில் நரம்பு போக வேண்டுமென்றால் உருளை சுழல வேண்டும், காற்றாடி விடும் லொட்டாய் மாதிரி. வீசிய இரை தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் உருளை நிற்காமல் சுழன்று நரம்பைக் கக்கும், காக்கைக் கூடுபோல் சிக்கல் விழும். உருளையை நிறுத்திவிட்டு, நரம்பை அதன் விளிம்பு வழியே உருவவிட்டதுதான் இல்லிங்வொர்த்தின் யோசனை. பிரிப்பதற்கு உருளையைச் சுழற்றும் வேலை இல்லாததால், பத்துக் கிராம் இரையைக்கூடத் தூரமாக வீச முடிகிறது.

அந்த உருளை, அதாவது ஸ்பூல், ஒரேயடியாக ஆணியடித்ததுபோல் நிற்பதுமில்லை. அதற்குள் வட்ட வாஷர்கள் அடுக்கியிருக்கும். ஒன்று உலோகம், அடுத்தது அழுத்திய கம்பளி அல்லது கார்பன் நார், மறுபடி உலோகம். மேலேயுள்ள திருகை முறுக்கினால் அடுக்கு இறுகும். மோட்டார் சைக்கிள் கிளட்ச் தட்டுகளைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. மீன் குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால் தட்டுகள் வழுக்கும், ஸ்பூல் சுழலும், நரம்பு போகும். இதுதான் டிராக். 2 கிலோ இழுப்பில் 60 மீட்டர் நரம்பை மீன் கொண்டுபோனால் ஏறத்தாழ 1,200 ஜூல் ஆற்றல் வாஷர்களில் வெப்பமாகக் கரைகிறது. அத்தனையும் மீன் தன் தசையிலிருந்து செலவழித்தது. விட்டுக்கொடுப்பதுபோல் காட்டிக்கொண்டே ஆளைக் களைப்படைய வைக்கும் வேலை இது.

ஆனால் டிராக்கை 2 கிலோவில் வைத்தால் அது 2 கிலோவிலேயே நிற்கும் என்று நம்பியதுதான் என் தப்பு. வாஷர்கள் மாறாமல் வைத்திருப்பது விசையை அல்ல, திருப்புவிசையை. திருப்புவிசை என்பது இழுப்பும் ஆரமும் பெருக்கி வருவது. ஸ்பூல் நிறைய நரம்பு இருக்கும்போது விட்டம் 45 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 0.35 மில்லிமீட்டர் நரம்பு அறுபது மீட்டர் போனபிறகு அது 37, 38 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஆரம் குறைந்தால் அதே வாஷர்களை வழுக்கவைக்க மீன் அதிகமாக இழுத்தாக வேண்டும். 2 கிலோ 2.4 ஆகிவிட்டது, நான் திருகைத் தொடாமலே.

அடுத்தது கம்பு. மீன் ஓடியதும் நான் கம்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தேன், எல்லாரும் செய்வதுபோல. ரீலிலிருந்து மேலே ஏறும் நரம்பு, கம்பின் வளையங்களில் உரசிக்கொண்டே 90 டிகிரி திரும்பி மீனை நோக்கிப் போகிறது. முரட்டு மாட்டைப் பிடிக்கும்போது கயிற்றை மரத்தில் ஒரு சுற்று சுற்றிக்கொள்கிறோமே, அதே சூத்திரம்தான். வளைவின் கோணம் ஏற ஏற, உராய்வு இழுப்பைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. நரம்புக்கும் வளையத்துக்கும் உராய்வுக் கெழு 0.2 என்று எடுத்தால், 90 டிகிரிக்கு 1.37 மடங்கு. 2.4 இப்போது 3.3.

அதற்கு மேல் வாஷரின் குணம். பீரோவைத் தள்ளிப் பாருங்கள். நகர ஆரம்பிக்கத்தான் பெரிய தள்ளு வேண்டும், நகர்ந்துவிட்டால் சுலபம். நிலை உராய்வு பொதுவாக இயக்க உராய்வைவிடக் கொஞ்சம் கூடுதல். மீன் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பாயும் ஒவ்வொரு தடவையும் டிராக் அந்த முதல் தள்ளைக் கேட்கும். என் ரீலில் இருந்தது காய்ந்துபோன கம்பளி வாஷர். கார்பன் நார் வாஷரில் இந்த இரண்டு உராய்வுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால்தான் அதற்குக் கூடுதல் காசு கேட்கிறார்கள். ரீலில் பத்து பேரிங் இருக்கிறது, பன்னிரண்டு இருக்கிறது என்று டப்பாவில் போடுவதற்கு நான் மயங்குவதில்லை. வாஷர் என்ன என்று கேட்டால் கடைக்காரரே விழிக்கிறார்.

இந்த இடத்தில் சித்தப்பாவை நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் ரீல் கிடையாது. மூங்கில் கம்பு, நுனியில் தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, ஒரு ஈயக்குண்டு, முள், மண்புழு, அவ்வளவுதான். கைமீறிய மீன் மாட்டினால் கம்பையே தண்ணீரில் போட்டுவிடுவார். மீன் அதை இழுத்துக்கொண்டு கண்மாயைச் சுற்றும். அது களைத்ததும் நீந்திப்போய்க் கம்பை எடுத்துக்கொள்வார். சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கை. இப்போது யோசித்தால், கம்பு தண்ணீரில் நகர்வதற்கான எதிர்ப்பு வேகத்தோடுதான் ஏறுகிறது, வேகம் இரட்டித்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு. மெதுவாக இழுத்தால் எதிர்ப்பே இல்லை. தண்ணீருக்கு நிலை உராய்வு கிடையாது! எந்தக் கம்பெனி வாஷரும் அவ்வளவு வழுவழுப்பாகத் தொடங்காது.

சரி, 3.3 கிலோவும் ஒரு திடுக்கும் சேர்ந்து 8 கிலோ நரம்பை எப்படி அறுக்கும்? 8 கிலோ என்பது காய்ந்த, நேரான நரம்பின் கணக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும். நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் இடையில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்தும். நனைந்த நைலான் பத்து சதவீதமாவது பலம் இழக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு: ஸ்பூலில் கிடந்து சுருண்டுபோன நரம்பை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்தால் சுருள் தளர்ந்து இளகிவிடும்.

பெரிய சேதம் முடிச்சில். அறுந்து வந்த முனையைப் பார்த்தேன், பாகற்கொடியின் பற்றுச்சுருள் மாதிரி சின்னதாகச் சுருண்டிருந்தது. முடிச்சிலேயே போயிருக்கிறது. சும்மா போடும் ஒற்றை முடிச்சு நரம்பின் பலத்தைப் பாதியாக்கிவிடும். முடிச்சுக்குள் நுழையும் இடத்தில் நரம்பு கூர்மையாக வளைகிறது, வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டு நிற்க, உள்பக்கம் சும்மா இருக்கிறது. முழுக் குறுக்குவெட்டும் சுமக்க வேண்டியதை ஒரு ஓரம் மட்டும் சுமக்கிறது. போதாக்குறைக்கு, காய்ந்த முடிச்சைச் சர்ரென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் கெடும். எச்சில் தடவி இறுக்கும் பழக்கம் மூடநம்பிக்கை இல்லை.

8 கிலோவில் ஈரத்துக்குப் பத்து சதவீதம் போக 7.2, முடிச்சுக்குப் பாதி போக 3.6. எதிரில் 3.3 கிலோ இழுப்பு. நடுவில் மிச்சம் இருந்தது 300 கிராம். ரோகு ஒரு தரம் நின்று பாய்ந்தது போதுமானதாக இருந்தது.

இப்போது நான் போடுவது பாலோமர் முடிச்சு. நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, தளர்வாக ஒரு சாதா முடிச்சு போட்டு, மிஞ்சிய வளையத்துக்குள் முள்ளையே நுழைத்தெடுத்து, நனைத்து இறுக்க வேண்டும். காதில் இரண்டு இழை சுற்றியிருப்பதால் சுமை பங்கு போடப்படுகிறது. நரம்பின் பலத்தில் பெரும்பகுதி மிஞ்சுகிறது. மீன் ஓடும்போது கம்பைத் தாழ்த்தி மீன் பக்கம் நீட்டுகிறேன், உராய்வுப் பெருக்கல் காணாமல் போகிறது. நரம்பு நிறையப் போய்விட்டால் திருகைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். கை என்னவோ இறுக்கத்தான் துடிக்கும்.

இன்னொன்று, மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது எதிராகக் கைப்பிடியைச் சுற்றாதீர்கள். 5:1 பல்சக்கர விகிதமுள்ள ரீலில், கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் நரம்பைச் சுற்றும் பகுதி ஐந்து சுற்று சுற்றும். நரம்பு உள்ளே வராவிட்டால் அந்த ஐந்தும் முறுக்காக நரம்பில் ஏறும். இருபது சுற்றுக்கு நூறு முறுக்கு. அடுத்த வீச்சில் அதெல்லாம் கொத்தாக வெளியே வந்து விழும்.

நரம்பு அறுந்த கதையைச் சொன்னதும் கடைக்காரர் பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, வாங்கச் சொன்னார். பாலிஎத்திலீன்தான், வாளி செய்யும் பிளாஸ்டிக்கின் குடும்பம். ஆனால் மிக நீளமான சங்கிலிகளைக் கரைசலிலிருந்து இழுத்து, எல்லாம் ஒரே திசையில் படுக்கும்படி செய்த நார். நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனத்தில் 1970-களின் இறுதியில் உருவான முறை. அதே பலத்துக்கு நைலானைவிட மிகவும் மெல்லியது, தண்ணீரில் மிதக்கும். நீளவே நீளாது என்பதுதான் அதன் பெருமை. ரோகுவுக்கு அதுவே குறை.

ஐந்து கிலோ மீன் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் இயக்க ஆற்றல் 22.5 ஜூல். பத்து மீட்டர் நைலான் நரம்பு அறுவதற்கு முன் கால் பங்கு, அதாவது இரண்டரை மீட்டர்வரை நீளக்கூடியது. 8 கிலோ நரம்பு அப்படி நீளும்போது தோராயமாக 100 ஜூலை உள்வாங்கும். பிரெய்டு அதே பத்து மீட்டரில் 35 சென்டிமீட்டர் நீளும், 14 ஜூலில் அறுந்துவிடும். கம்பின் வளைவும் டிராக்கும் சரியாக இருந்தால் பிரெய்டும் பிழைக்கும். இல்லாவிட்டால் மொத்த அதிர்ச்சியும் அதன் தலையில்தான்.

விராலுக்குப் போனால் நிலைமை தலைகீழ். தாமரை இலைகளுக்கு நடுவே ரப்பர் தவளையைத் தத்தவிட்டு, விரால் கவ்வியதும் வெளியே உருவ வேண்டும். அங்கே அறுபது மீட்டர் ஓடவிட்டால் தண்டுகளில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நீளாத, தண்டுகளை அறுத்துக்கொண்டு வரும் பிரெய்டுதான் சரி. கம்பும் முரட்டுக் கம்பாக இருக்க வேண்டும்.

பிளூரோகார்பன் நரம்பு தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது என்பார்கள். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, அதற்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல். நைலானைவிட நெருக்கம், அவ்வளவுதான், மறையாது. தெளிந்த மலை ஓடையில் பலன் இருக்கலாம். சாண் ஆழத்தில் கையே தெரியாத எங்கள் கண்மாயில் யாரிடமிருந்து மறைப்பது?

போன மாதம் வாஷரை மாற்றிக்கொண்டு மறுபடி போனேன். இரண்டு கிலோ ரோகு ஒன்று வந்தது, நாற்பது மீட்டர் ஓடி, திரும்பி, மறுபடி ஓடி. சித்தப்பா கைவலையைப் பிடித்தார். வீட்டுக்கு வந்து ரீலைத் துடைத்து, டிராக் திருகை முழுக்கத் தளர்த்தி வைத்தேன். இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் கம்பளி வாஷர் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.