ஸ்லீவ்: உறையா, காப்புறையா?

சேலத்து எலெக்ட்ரிக்கல் கடையில் "ஸ்லீவ் ஒரு மீட்டர் குடுங்க" என்றால், "எதுக்குங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) சுற்றும் வைண்டிங் கடைக்காரருக்கு ஸ்லீவ் என்பது அந்தச் சுருளின் முனையில் மாட்டும் கண்ணாடியிழைக் குழல். வயரிங் வேலை செய்பவருக்கு, சூடு காட்டினால் சுருங்கும் கறுப்புக் குழல். பேனல் கட்டுபவருக்கு ஒயர்க் கற்றையை மூடும் வலை.

ஆங்கிலத்தில் ஸ்லீவ் என்றால் சட்டையின் கைப்பகுதி. வழுக்கிச் செல்வதைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. கை வழுக்கி நுழையும் துணி என்று பொருள். அதுவே எந்திரத்தில் ஒன்றின்மேல் ஒன்று செருகும் குழலுக்கும் ஆகிவந்தது. மின்வேலையில் ஸ்லீவோடு சேர்ந்து வரும் 'இன்சுலேஷன்' என்ற சொல்லுக்கு வேர் இலத்தீனின் 'இன்சுலா', அதாவது தீவு. மின்சாரம் ஓடும் கம்பியை வேறெதுவும் தொடாதபடி தனித்து நிறுத்துவது.

தமிழில் 'உறை' போதுமா? வாளுறை, தலையணையுறை எல்லாம் ஒரு பக்கம் அடைத்தவை ஆயிற்றே என்பார்கள். ஆனால் உறைகிணறு இருக்கிறது. சுடுமண் வளையமானாலும் இன்று இறக்கும் சிமென்ட் உறையானாலும் இருபுறமும் திறந்த வட்டம்தான். ஆகவே ஸ்லீவுக்கு உறை கச்சிதமாகப் பொருந்துகிறது. மின்சாரத்தைத் தடுப்பது மின்காப்புறை, சுருக்கமாகக் காப்புறை. சூட்டில் சுருங்குவது சுருங்குறை. வலைபோல் இருப்பது பின்னலுறை. இதோடு மட்டும் 'காப்பு' சேர்க்கக் கூடாது. அது உராய்விலிருந்து ஒயரைக் காக்கும், அவ்வளவே. கண்ணுக்குக் கண் ஓட்டை உள்ள வலையைத் திறந்த ஜாயின்ட் மேல் இழுத்துவிட்டால் ஷாக் அடிக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் ஸ்லீவ் என்று சொல்வதால் வரும் வினை இது.

உறையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வெப்பம். சாதா பிவிசி உறை வகையைப் பொறுத்து 70 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை, பாலியோலிஃபின் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சுருங்குறை 125 வரை, சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழை 180க்கு மேலும் தாங்கும். கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி மோட்டார்மேல் பஞ்சு படிந்து சூடு வெளியேறாமல் நிற்கும். 'எஃப்' வகுப்பு மோட்டார் என்றால் காயில் 155 டிகிரிக்குக் கணக்கிட்டது. அதற்குள் விலை குறைவென்று பிவிசி உறை மாட்டினால் வார்னிஷ் காயவைக்கும் சூட்டிலேயே இளகிச் சப்பையாகிவிடும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வறுவல் அடுப்பை ஒட்டிப் போகும் ஒயருக்கும் கண்ணாடியிழைதான்.

அடுத்தது அளவு. 2.5 சதுர மி.மீ. ஒயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ மூன்றரை மி.மீ. நீளவாக்கில் பிணைத்த ஜாயின்ட் அதைவிடச் சற்றுப் பருக்கும். 6 மி.மீ. விட்டமுள்ள 2:1 சுருங்குறை வாங்கினால் 3 வரை சுருங்கி இறுகப் பிடிக்கும். 10 வாங்கினால் 5க்குக் கீழே இறங்காது, தொளதொளவென்று ஆடும். நீளம், செம்பு தெரியும் இடத்துக்கு இருபுறமும் 25 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்; சூட்டில் நீளமும் கொஞ்சம் குறையும்.

ஜாயின்ட்டில் ஈயம் பற்றவைத்திருந்தால் அதன் கூர்முனைகளை முதலில் அரத்தால் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கும்போதே உறையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை நடுவில் தொடங்கி ஓரங்களுக்கு நகர்த்தினால் உள்ளே காற்று சிக்காது. லைட்டர் வைத்துச் சுருக்குவது எங்கும் நடக்கிறது. ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் சுருங்கியே இருக்காது.

ஏற்காட்டில் பனியும் மழையும் ஈரத்தை உள்ளே இழுத்துவிடுவதால் காப்பித் தோட்டத்து மோட்டார் ஒயருக்குச் சாதா சுருங்குறை போதாது. உள்ளே பசை பூசிய 3:1 வகை வேண்டும். இரண்டு ஓரத்திலும் பசை சுற்றிலும் லேசாகப் பிதுங்கித் தெரிந்தால்தான் அடைத்தது என்று பொருள். உள்ளே மூன்று ஒயர் (கோர்) ஓடும் தட்டைக் கேபிளில் மூன்று ஜாயின்ட்டையும் ஒரே இடத்தில் போடாமல் முன்பின்னாகத் தள்ளிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி உறை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய உறை.

இவையெல்லாம் கம்பியைப் பிணைக்கும் முன்பே ஒயரில் ஏறியிருக்க வேண்டும். மறந்துபோனால் உறையை நீளவாக்கில் கீறி மாட்டி டேப் சுற்றுவது சிலர் வழக்கம். கீறிய உறை சூடு பட்டதும் விரிந்துகொள்ளும். ஜாயின்ட்டை வெட்டிவிட்டு மறுபடி போடுவதுதான் வழி.