சேற்றுக்குள் துழாவும் அலகு

கோடியக்கரைக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கொசு உள்ளான் பறவைக் கூட்டம் தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே இருக்கிறதே, உள்ளே இருக்கும் இரை அதற்கு எப்படித் தெரிகிறது? குருட்டாம்போக்கில் குத்துகிறதா?"

கொஞ்சம் அப்படித்தான். ஆனால் உள்ளான், மூக்கன் வகைப் பறவைகளின் அலகு வெறும் குச்சி இல்லை. நுனி எலும்பில் தேனடை போல நெருக்கமான குழிகள் உண்டு. அவற்றுக்குள் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான நுண்ணிய உணர்விகள். ஹெர்ப்ஸ்ட் உணர்விகள் என்று பெயர். அழுத்தம், அதிர்வு எதுவானாலும் அவற்றுக்கு உறைக்கும். புழு நெளிந்தால் அதிர்வு வரும், சரி. அசையாமல் புதைந்திருக்கும் சிப்பியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நெதர்லாந்தில் பறவை ஆய்வாளர் டியூனிஸ் பியர்ஸ்மா குழுவினர் இதைச் சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள். கொசு உள்ளானுக்குப் பெரியப்பா முறையாகும் ரெட் நாட் பறவையைப் பழக்கி, ஈரமணலில் சிப்பி புதைந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வைத்தார்கள். சொன்னது. சிப்பிக்குப் பதில் கல்லைப் புதைத்தார்கள். அதையும் கண்டுபிடித்தது! கல் நெளியாது, மணக்காது. காய்ந்த மணலில் மட்டும் பறவை தோற்றது. அப்படியானால் சங்கதி தண்ணீரில்தான் இருக்கிறது.

ஈரமணலில் பருக்கைகளின் இடுக்கெல்லாம் நீர். அலகு இறங்கும்போது அந்த நீர் நெருக்குண்டு நாலாபுறமும் கசிந்து விலகும். ஒரு பக்கம் சிப்பி கிடந்தால் நீரால் அதை ஊடுருவ முடியாது. மடையை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் ஏறுமே, அதுபோல அந்தப் பக்கம் அழுத்தம் ஒரு துளி கூடுகிறது. அலகு நுனிக்கு அந்த ஒரு துளி போதும். திரும்பத் திரும்பக் குத்தினால் மணல் இறுகி வித்தியாசம் இன்னும் கூடும் என்பது அவர்கள் விளக்கம். அதாவது, குத்துவதே தேடுவதுதான்.

மணலும் பறவையும் பொறுமையும் வைத்துச் செய்த ஆய்வு இது. நம்மூரில் இதற்கு நிதி கேட்டால் "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்ற கேள்விதான் முதலில் வரும். எனக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை.

அப்புறம், சேறு நாலுபக்கமும் இறுக்கும்போது வாயைத் திறப்பது எப்படி? முழு அலகையும் திறக்க வேண்டியதில்லை; மேல் அலகின் நுனி மட்டும் மேலே வளையும். மூக்கன் கொட்டாவி விடும்போது பைனாகுலரில் பார்த்தால் தெரியும். கடற்கரை தூரம் என்றால் வயலில் மேயும் அரிவாள்மூக்கனைக் கவனியுங்கள். அதன் அலகு நுனியிலும் இதே மாதிரிக் குழிகள் உண்டு.