கண்ணாடிதானே என்று கழுவாதீர்கள்

பழைய படங்களைப் பாதுகாக்கும் வேலை என்னுடையது. போன மாதம் என்னிடம் ஒரு தம்பி வந்தார். பெர்த்துக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது மரப்பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். உள்ளே 24 லாந்தர் ஸ்லைடுகள், அதாவது அந்தக் காலத்துச் சொற்பொழிவுகளில் விளக்கு வைத்துத் திரையில் காட்டிய கண்ணாடிப் படங்கள். அத்தனையும் கூல்கார்டி. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில், 1892இல் பெய்லி, ஃபோர்டு என்ற இருவர் தங்கம் கண்ட இடத்தில் முளைத்த ஊர். ஆறே வருடத்தில் ஏறக்குறைய 15,000 பேர் குடியேறி, பெர்த், ஃப்ரீமேண்டிலுக்கு அடுத்த பெரிய ஊராகிவிட்டது. அப்புறம் தங்கம் குறைய, வந்த வேகத்திலேயே காலியானது.

பெட்டியைத் திறந்த தம்பிக்கு ஸ்லைடுகள் அழுக்காக இருந்தது பொறுக்கவில்லை. சிங்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, 17 ஸ்லைடுகளை ஊறப் போட்டுவிட்டார். மீதி 7 தப்பியதற்குக் காரணம், வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டதுதான்.

"அக்கா, கண்ணாடிதானே? கழுவினா என்ன ஆயிடும்னு நினைச்சேன்."

இந்த வருடம் இதே வசனத்தை நான் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் இந்தப் பதிவு.

படம் கண்ணாடியில் இல்லை. கண்ணாடி வெறும் பலகை. அதன்மேல் மெல்லிய ஜெலட்டின் படலம் இருக்கிறது, படம் அதற்குள்தான். ஜெலட்டின் என்றால் மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுப்பது, கடையில் விற்கும் ஜெல்லியில் இருப்பது. தண்ணீர் பட்டால் உப்பும். வெந்நீர் பட்டால் இளகும். நம் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தை யாராவது பின்பக்கம் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்களா? இதுவும் அப்படித்தான்.

"டெவலப் பண்ணும்போது தண்ணீரில்தானே கழுவினாங்க?" இதையும் கேட்டுவிட்டார்கள். கழுவினார்கள், சரி. அது புது ஜெலட்டின். இதற்கு 120 வயது. இத்தனை வருட ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தால், பூஞ்சை தின்ற இடமெல்லாம் தண்ணீரில் அப்படியே கரையும். அதைவிட முக்கியம், வண்ணம். கூல்கார்டி காலத்து ஸ்லைடில் வண்ணம் தெரிகிறதா? அது கையால் தீட்டியது. கழுவிக் காயவைத்த பிறகு, சாயத்தைத் தொட்டு ஒருவர் உட்கார்ந்து பூசியது. அதைக் கழுவும் யோசனை அவருக்கே வந்திருக்காது.

"நான் வெளிப்பக்கம்தான் கழுவினேன்" என்பது அடுத்தது. லாந்தர் ஸ்லைடில் இரண்டு கண்ணாடிகள். படம் நடுவில், உள்பக்கம் பார்த்து இருக்கிறது. விளிம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் கறுப்பு டேப் வெறும் காகிதம், அதில் இருப்பது தண்ணீரில் இளகும் பசை. ஆக, வெளிப்பக்கம் மட்டும் கழுவுவது என்று ஒன்று கிடையாது. ஒரு துளி போதும், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் தானாக உறிஞ்சிக்கொள்ளும். ஜன்னல் துடைக்கும் ஸ்ப்ரே இன்னும் மோசம்.

தம்பி கொண்டுவந்ததில் 11ஆம் எண் பெய்லி தெரு. ஒட்டக வரிசை திரும்ப வேண்டும் என்றே அகலமாகப் போட்ட தெரு என்பார்கள். முன்னால் ஒட்டகக்காரர் ஒருவர் நிற்கிறார். அந்த ஆட்களை மொத்தமாக ஆப்கான்கள் என்றே அழைத்தார்கள்; இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அவருடைய தலைப்பாகைக்கு யாரோ நுனித் தூரிகையால் சிவப்பு வைத்திருக்கிறார்கள். இப்போது அந்தச் சிவப்பு ஒட்டகத்தின் கழுத்து வழியாக மணலுக்கு இறங்கியிருக்கிறது. வலது மூலையில் படலம் வெங்காயத் தோல்போலச் சுருண்டு எழும்பி நிற்கிறது. இதை மட்டும் ஓரளவு படுக்கவைக்கலாம். சிவப்பு திரும்ப வராது.

தப்பிய ஏழில் 19ஆம் எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. உப்பு ஏரித் தண்ணீரை இரும்புத் தொட்டிகளில் விறகு போட்டுக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, கேலன் கணக்கில் விற்றார்கள். அந்தத் தொட்டிகளும் பக்கத்தில் வாளியோடு ஆட்களும்தான் படம். ஓ'கானர் என்ற பொறியாளர் திட்டமிட்ட குழாய், முண்டாரிங் அணையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் ஓடித் தண்ணீர் கொண்டுவந்தது; அதை முறைப்படி திறந்ததே 1903 ஜனவரியில்தான். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. தண்ணீர் இல்லாத ஊரின் படத்தைச் சிங்க்கில் ஊறப் போட்டால் நான் என்ன சொல்ல?

சரி. உங்களிடம் இப்படி ஒரு பெட்டி இருந்தால், விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், கண்ணாடி வழுக்கும், நைட்ரைல் என்ற ரப்பர் கையுறை போதும். மேசையில் துண்டு விரித்து வேலை செய்யுங்கள். டேப் ஒழுங்காக இருந்தால், காற்றுப் பம்பால் ஊதி, மென்மையான தூரிகையால் வெளித்தூசியை மட்டும் தட்டுங்கள். அவ்வளவுதான் உங்கள் வேலை. டேப்பைப் பிரிக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். அடுக்கிப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி வையுங்கள். விரிசல் விட்டது மட்டும் படுத்திருக்கலாம். கார் ஷெட்டும் கூரை அறையும் இடமே அல்ல, பெர்த் கோடை உங்களுக்குத் தெரியாததா?

மரப்பெட்டியை விற்றுவிடாதீர்கள், தயவுசெய்து. ஸ்லைடில் இருக்கும் எண், சொற்பொழிவில் அதைக் காட்டிய வரிசை. அது கலைந்தால் பாதிக் கதை போயிற்று.

படமெடுப்பதென்றால் லைட் பேடில் (அடியிலிருந்து ஒளிரும் பலகை) வைத்து, ஓரத்துக் காகிதமும் எழுத்தும் தெரிய முழுதாக எடுங்கள். பெருவிரல் புள்ளி என்று ஒரு சின்ன வட்டம் ஒட்டியிருக்கும். அது இடது கீழ் மூலையில் வந்தால் படம் நேராக இருக்கிறது. சந்தேகமா, கடைப் பலகையைப் படித்துப் பாருங்கள். இணையத்தில் உலவும் தங்க ஊர்ப் படங்களில் இடவலம் மாறியவை எத்தனை என்று எண்ண ஆரம்பித்தால் எனக்கு வேலை ஓடாது. பழங்குடி மக்கள் இருக்கும் படத்தை மட்டும் விசாரிக்காமல் போடாதீர்கள். பெர்த்தில் இருக்கும் மாநில நூலகத்தின் Battye என்ற வரலாற்றுப் பிரிவில் வழி சொல்வார்கள்.

பழைய புரொஜெக்டரில் போட்டு ஒருமுறை பார்க்கலாமா? கூடாது. சூட்டில் கண்ணாடி வெடிக்கும். அப்பா காலத்துக் கோடாக்ரோம் என்ற வண்ண ஃபிலிம் ஸ்லைடுக்கும் இதே பதில்தான். குவாலியா என்ற இன்னொரு மேற்கு ஆஸ்திரேலியத் தங்க ஊரில் சுரங்கம் 1963இல் மூடிய பிறகு காலியான தகர வீடுகளை எடுத்த ஸ்லைடுகள் நிறைய வருகின்றன. கோடாக்ரோம் இருட்டில் பல்லாண்டு நிற்கும். விளக்கு முன்னால் வைத்தால் சீக்கிரம் வெளுக்கும்.

ஏற்கெனவே நனைத்துவிட்டீர்களா? தேய்க்காதீர்கள், பிரிக்காதீர்கள், ஹேர் டிரையர் பக்கம் போகாதீர்கள். நிழலில், காற்றில், விளிம்பில் சாய்த்து நிறுத்திவிட்டு உடனே ஒரு கன்சர்வேட்டரை, அதாவது பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் சரி, திட்ட மாட்டேன். தம்பியையும் நான் திட்டவில்லை, டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேசினேன்.