காலையில் இறங்கும் காய்ச்சல்

பள்ளி வேன் தெருமுனைக்கு வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. நேற்று இரவு அனலாய்க் கொதித்த குழந்தை, இப்போது எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறது. நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மூடி பாராசிட்டமால் சிரப்பைப் புகட்டி வேனில் ஏற்றிவிடுகிறோம். மதியம் பன்னிரண்டரைக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது: "பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, வந்து அழைத்துப் போங்கள்."

நம் உடல் நாள் முழுவதும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை. விடியற்காலையில் மிகவும் தணிந்து, பொழுது ஏற ஏறத் தானும் ஏறி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்தைத் தொடும். நோயில்லாத உடலிலேயே இந்த வேறுபாடு ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் இருக்கும். காய்ச்சல் கண்ட உடலும் பெரும்பாலும் இதே போக்கில்தான் ஏறி இறங்குகிறது. "ராத்திரியானால் காய்ச்சல் கூடிவிடுகிறது" என்று பாட்டிமார் சொல்வது வெறும் பயத்தில் சொல்வதல்ல. அனுப்புவதா வேண்டாமா என்று நாம் முடிவெடுக்கும் காலை ஏழு மணியோ, காய்ச்சல் பதுங்கியிருக்கும் நேரம்.

அந்தச் சிரப் செய்வது இன்னொரு வேலை. கிருமி உள்ளே நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உருவாகி, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிடம் "இனி 37 போதாது, 39 வேண்டும்" என்று சொல்லிவிடுகிறது. அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதும் குழந்தை குளிருகிறது என்று போர்வையை இழுத்துக்கொள்கிறது. பாராசிட்டமால் இந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. கிருமியை அது தொடுவதே இல்லை. அதன் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் நிற்கும். ஏழு மணிக்குக் கொடுத்தது எப்போது தீரும் என்று எண்ணிப் பார்த்தால், பன்னிரண்டரை அழைப்பின் காரணம் புரியும். அதற்குள் நான்கு பாடவேளை, ஒரே பெஞ்சில் நான்கு பேர், கைமாறிய ஒரு தண்ணீர் பாட்டில்.

காய்ச்சல் மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் உடல் வெப்பம் 38 டிகிரிக்குக் கீழே, அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4-க்குக் கீழே, இருந்தால் அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அந்த 24 மணியில் ஒரு மாலைப்பொழுதும் கட்டாயம் வந்துவிடும். புறங்கையை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். அக்குளில் வைத்துப் பார்த்தால் உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாந்தி பேதிக்குக் கணக்கு வேறு. கடைசி வாந்தி அல்லது பேதிக்குப் பிறகு 48 மணி நேரம் வீட்டில் இருப்பது நல்லது. நோரோ வைரஸ் போன்றவற்றைச் சானிடைசர் சரியாகக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

மூக்கு ஒழுகுவதற்கெல்லாம் நிறுத்தினால் பள்ளிக்கூடத்தையே மூட வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. சளி பச்சையாகிவிட்டது என்று பதறவும் வேண்டாம். கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களில் இரும்புச்சத்துள்ள ஒரு பச்சை நிற நொதி இருக்கிறது. சளிக்கு அந்த நிறம் அதிலிருந்து வருவது. காய்ச்சல் இல்லாமல் ஓடி விளையாடும் குழந்தையின் பச்சைச் சளி, வீட்டில் நிறுத்தக் காரணமாகாது.

சின்னம்மையில் நம் வழக்கம் அறிவியலோடு அழகாக ஒத்துப்போகிறது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியார் உள்ளே வருவதில்லை. கொப்புளம் காய்ந்து, வேப்பிலையும் மஞ்சளும் கலந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வெளியே போவதில்லை. எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும் என்பதுதான் மருத்துவக் கணக்கும். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் அது ஆகிவிடும். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி ஐந்து நாள், தட்டம்மை என்றால் தடிப்பு தெரிந்து நான்கு நாள்.

ஆனால் சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். தட்டம்மையோ நான்கு நாள் முன்பே. நாம் லீவு போடும்போது வகுப்பில் சிலருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கலாம். அந்த ஓட்டையைத் தடுப்பூசிதான் அடைக்கும். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகள், எதற்குப் பரிசு கொடுக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

24 மணி நேரக் கணக்கை அப்படியே நம்பக் கூடாத காய்ச்சல் ஒன்று உண்டு: டெங்கு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அதில் காய்ச்சல் இறங்கும். இறங்கியபின் வரும் ஓரிரு நாள்தான், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான காலம். டெங்கு இருப்பதாகச் சந்தேகம் இருந்தால், உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அந்த நாள்களில் சீருடையை எடுக்காதீர்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், எழுப்பினாலும் துவண்டு விழும் சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.