மணிக்கூண்டுக்கு அடியில் ஒரு வால்டியூப்

“எங்கள் வீட்டுக்குக் கீழே மெட்ரோ சுரங்கம் தோண்டப்போகிறார்களாம், சுவர் விரிசல் விடாதா?” என்று சென்னை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதே கவலை 1990களில் லண்டனிலும் எழுந்தது. ஜூபிலி ரயில் தடத்தை நீட்டித்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்துக்காக 39 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டிச் சுரங்கங்களும் குடைய வேண்டியிருந்தது. அருகிலேயே 1859இல் எழுந்த 96 மீட்டர் உயரப் பிக் பென் மணிக்கூண்டு நின்றது.

குடையும்போது சுற்றியுள்ள மண் வெற்றிடத்தை நோக்கிச் சற்று நெகிழ்வதால், மேலே தரை ஆழமற்ற பள்ளமாகத் தாழ்கிறது. கட்டடம் முழுவதும் ஒரே சீராக இறங்கினால் பெரிய கேடில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் சாய்வும் விரிசலும் வருகின்றன.

மண்ணியல் பொறியாளர் ஜான் பர்லண்ட் உள்ளிட்டோர் இதற்குக் கண்ட மருந்தை நான் பலமுறை வியந்திருக்கிறேன். சுரங்கம் குடைவதற்கு முன்பே, அடித்தளத்துக்குக் கீழே விசிறிபோல் நீண்ட குழாய்களைக் கிடையாகச் செலுத்திவிட்டார்கள். குழாயில் இடைவெளி விட்டுத் துளைகள், ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு ரப்பர் உறை. பழைய சைக்கிளின் வால்டியூபை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளிருந்து அழுத்தினால் ரப்பர் விலகி வழிவிடும், அழுத்தம் நின்றதும் மூடிக்கொள்ளும். வேண்டிய துளையின் இரு புறமும் அடைப்பு வைத்துச் சிமெண்ட் பாலைச் செலுத்தினால், அது அந்த இடத்து மண்ணுக்குள் மட்டும் புகுந்து, இழந்த கன அளவை ஈடுகட்டித் தரையை மேலே தள்ளும். பிறகு குழாயைக் கழுவிவிட்டு, அடுத்த வாரம் அதே துளையை மீண்டும் பயன்படுத்தலாம்.

எப்போது செலுத்துவது என்பதை அளவீடுதான் சொன்னது. 55 மீட்டர் உயரத்தில் கோபுரம் எவ்வளவு நகர்கிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். சுரங்கப் பணியால் கூடக்கூடிய சாய்வுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். பருவ வெப்பத்துக்கே கோபுரம் சில மில்லிமீட்டர் அசையும் என்பதால், தோண்டுவதற்கு முன்பே அளக்கத் தொடங்காவிட்டால் எந்த அசைவு எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. பூமி பூஜைக்கு நாள் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. சாய்வுமானிக்கும் அதே அக்கறையோடு நாள் குறித்தால் போதும்.

இந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. 1994 அக்டோபரில் ஹீத்ரோ விமான நிலையத்தில் சுரங்கங்கள் இடிந்து விழுந்தன. தாழ்ந்த கட்டடம் ஒன்றைத் தூக்குவதற்காக மண்ணுக்குள் சிமெண்டைச் செலுத்திய அழுத்தம், கீழே இருந்த சுரங்கச் சுவரையே சேதப்படுத்தியிருந்ததும் அங்கே தெரியவந்த கோளாறுகளுள் ஒன்று. அதனால் மேலே கட்டடத்தை அளப்பவரும் கீழே சுரங்கத்தை அளப்பவரும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கிறது.

வாசகர் தம் பகுதிப் பொறியாளரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: என் சுவரில் இப்போதுள்ள விரிசல்களைப் படமெடுத்துப் பதிந்துவிட்டீர்களா? எத்தனை மில்லிமீட்டர் இறங்கினால் வேலையை நிறுத்துவீர்கள்?