கணுக்கால் தண்ணீர்தானே என்று குழந்தையை இறக்கும் முன்

கோடை விடுமுறை நெருங்கினால் என் கிளினிக்கில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சிங்கப்பூர் போறோம் டாக்டர். அங்க தண்ணி விளையாடுற பார்க் எல்லாம் ஃப்ரீயாம். பாப்பாவுக்குச் சளி பிடிச்சுக்குமா?" நனைவதால் சளி பிடிப்பதில்லை, அது வைரஸ் வேலை. நான் திருப்பிக் கேட்பது வேறு. "பாப்பாவுக்கு இந்த ரெண்டு வாரத்துல வயித்தால போச்சாம்மா?"

பூங்காவிலிருந்து குழந்தைக்கு என்ன தொற்றும் என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். குழந்தை பூங்காவுக்கு என்ன கொண்டுபோகிறது என்று கேட்பவர் அரிது. இந்த இடங்களில் நோய் பரவும் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சிங்கப்பூரில் கார்டன்ஸ் பை தி பே வளாகத்துக்குள் இருக்கும் குழந்தைகள் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சிகாகோ மில்லேனியம் பூங்காவில் இரண்டு கண்ணாடிக் கோபுரங்களிலிருந்து தண்ணீர் கொட்டும், கீழே பிள்ளைகள் ஆடுவார்கள், அதுவும் இலவசம். மகனையோ மகளையோ பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளையை முதலில் கூட்டிப்போவது இப்படியான இடங்களுக்குத்தான். தரையிலிருந்து பீச்சும், மேலே வாளி கவிழும், காலடியில் தண்ணீர் தேங்காது. ஆழமே இல்லாததால் பெரியவர்களுக்கு நிம்மதி.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். சில பூங்காக்களில் குழாய்த் தண்ணீர் ஒருமுறை பீச்சப்பட்டு நேராகச் சாக்கடைக்குப் போய்விடும். பல இடங்களில் அப்படி இல்லை. தரையில் விழுந்த தண்ணீர் ஓடி நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து, வடிகட்டப்பட்டு, குளோரின் கலந்து, மறுபடி மேலே வரும். ஓடும் வழியில் செருப்பு மண், வியர்வை, டயப்பருக்குள் இருப்பது எல்லாம் அதோடு சேரும். தண்ணீர் துளித்துளியாகச் சிதறும்போதும் வெயில் படும்போதும் குளோரின் வேகமாகக் குறையும். குழந்தையோ பீச்சும் இடத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்! சில பிள்ளைகள் அதன் மேல் உட்காரவும் செய்வார்கள்.

குளோரின் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கைக்குச் சவால் விடும் கிருமி ஒன்று உண்டு: கிரிப்டோஸ்போரிடியம். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. தடித்த உறை இருப்பதால், நீச்சல் குளங்களில் வழக்கமாகப் போடும் அளவு குளோரினிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். விழுங்கியது பத்து இருபதாக இருந்தாலே நோய் வரலாம். வயிற்றுப்போக்கு உள்ள ஒரு குழந்தையிடமிருந்து வெளியேறுவதோ கோடிக்கணக்கில். அமெரிக்காவில் 1997 முதல் 2022 வரை இத்தகைய நீர் விளையாட்டுத் தளங்களோடு தொடர்புடையதாக 60 நோய்ப்பரவல்கள் பதிவாயின. நோயுற்றவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல், பெரும்பான்மைக்குக் காரணம் இதே ஒட்டுண்ணி. உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்தி டிக்கெட்டை ரத்து செய்ய வைப்பது என் நோக்கமல்ல. ஒழுங்காகப் பராமரிக்கும் இடங்களில் புற ஊதா விளக்கு வைத்து இதை அழிக்கிறார்கள்.

கட்டணம் வாங்கும் குளத்தில் குளித்துவிட்டு இறங்குங்கள் என்று சொல்ல வாசலில் ஒருவராவது இருப்பார். இலவசப் பூங்காவில் சொல்ல ஆளில்லை. ஆகவே அந்த வேலை நம் தலையில். கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு இருந்திருந்தால் தண்ணீர் விளையாட்டு வேண்டாம், எத்தனை அழுதாலும் சரி. இறங்கும் முன் டாய்லெட்டுக்குக் கூட்டிப்போங்கள், பின்புறத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 'ஸ்விம் டயப்பர்' போட்டிருக்கிறோமே என்பார்கள். அது கெட்டியாகப் போவதை ஓரளவு பிடிக்கும், தண்ணீராகப் போவதைப் பிடிக்காது. மணிக்கு ஒருமுறை பார்த்து, தண்ணீரிலிருந்து தள்ளிப்போய் மாற்றுங்கள். ஹேண்ட் சானிடைசர் இந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். விளையாடி முடித்த கையோடு பஜ்ஜி வாங்கிக் கொடுப்பவர்களுக்காகவே இதைத் தனியாகச் சொல்கிறேன்.

குளோரின் நாற்றம் தூக்கலாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூக்கை உறுத்தும் அந்த வாடையும் கண் சிவப்பதும் பெரும்பாலும் சிறுநீரும் வியர்வையும் குளோரினோடு சேர்ந்து உருவாகும் பொருட்களால். காலையில் திறந்ததும் போவது நல்லது. கூட்டம் குறைவு, தரையும் சுடாது. நம் ஆட்கள் சாப்பிட்டுக் கிளம்பவே பதினொரு மணி ஆகிவிடும், தெரியும்.

இனி நம் ஊர். சென்னையில் இலவசமாகத் தண்ணீர் விளையாட்டு என்றால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடற்கரை அலை, இல்லையென்றால் பூங்காவில் இருக்கும் அலங்கார நீரூற்று. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அழகுக்காகக் கட்டிய நீரூற்றில் குளோரின் போட வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. அதைவிட முக்கியம், தண்ணீருக்கு அடியில் மோட்டாரும் வண்ண விளக்குகளும் மின்வயர்களும் இருக்கும். மாலையில் கலர் கலராகப் பீச்சும்போது பிள்ளையைத் தொட்டியில் இறக்கி ரீல்ஸ் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். மின்கசிவு கண்ணுக்குத் தெரியாது. விளையாடுவதற்கென்றே அமைத்த இடம் என்று பலகை இல்லாத எந்த நீரூற்றிலும் கால்கூட வைக்க விடாதீர்கள். கடற்கரையில் அலை நனைக்கும் தூரத்தோடு நிற்கட்டும், கை பெரியவர் கையிலேயே இருக்கட்டும்.

ஆழம் இல்லாவிட்டாலும் வடிகால் அடைத்துச் சில அங்குலம் தேங்கினால், குப்புற விழுந்த சிறு குழந்தை சத்தமே இல்லாமல் மூழ்கலாம். எட்டும் தூரத்தில் நில்லுங்கள், ஃபோன் பைக்குள் இருக்கட்டும். மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்து வெளிப்புறத்தைத் துடைத்தால் போதும். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்ற வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளும், சிறுநீரகப் பிரச்சினைக்காக ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. இந்த ஒட்டுண்ணி அவர்களைப் படுக்க வைத்துவிடும்.

ஊர் திரும்பிய பிறகு நடப்பதுதான் எங்களுக்குக் குழப்பம். தண்ணீரை விழுங்கிய அன்றே வயிறு கெடாது, பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான். அதற்குள் பிள்ளை சென்னைக்கு வந்து ஒரு கல்யாணத்திலும் சாப்பிட்டிருக்கும். பழி பந்திக்குப் போகும், பூங்காவை யாரும் சொல்ல மாட்டார்கள். மருந்துக்கடையில் ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கிக் கொடுப்பார்கள். இந்த ஒட்டுண்ணிக்கு அது கேட்காது. வழக்கமான மலப் பரிசோதனையிலும் இது சிக்காமல் போகும், தனிப் பரிசோதனை எழுத வேண்டும். அதனால் எங்கே தண்ணீரில் ஆடியது என்பதை நீங்களாகச் சொல்லுங்கள். அதுவரை ஓஆர்எஸ் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பழரச டப்பாக்கள் வேண்டாம், சர்க்கரை போக்கை அதிகமாக்கும். வயிற்றைக் கட்டும் மாத்திரையைச் சிறு குழந்தைக்குத் தரவே கூடாது. சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், குழந்தை துவண்டு போனாலும் காத்திருக்காமல் கூட்டி வாருங்கள்.

வயிற்றுப்போக்கு நின்று இரண்டு வாரம் ஆகும்வரை அடுக்குமாடிக் குளத்திலும் இறக்காதீர்கள். ஓஎம்ஆர் பக்கக் குடியிருப்புகளின் அசோசியேஷன்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குளத்தில் குழந்தைக்கு வயிற்றால் தண்ணீராகப் போய்விட்டால் வலையால் அள்ளிவிட்டு அரைமணியில் திறப்பது போதாது. எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, குளோரினை 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) அளவுக்கு ஏற்றி, சுமார் 13 மணி நேரம் அப்படியே வைத்து, அளவு பழைய நிலைக்கு இறங்கிய பிறகே திறக்க வேண்டும். அன்று மாலை நீச்சல் வகுப்பு கிடையாது என்று குழுவில் போட்டுவிடுங்கள். எந்த வீட்டுக் குழந்தை என்று போட வேண்டாம்.