ஹாட்ஸ்பாட், டெதரிங்: இணையப் பகிர்வு – சொல் விளக்கம்

திறன்பேசிக்குள் இருக்கும் சிம் அட்டை வழியாக வரும் இணைய இணைப்பை அந்தப் பேசியோடு நிறுத்திக்கொள்ளாமல், வீட்டிலுள்ள மடிக்கணினிக்கும் கைக்கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் இன்னொருவருடைய பேசிக்கும் கொடுக்கும் வசதிக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று டெதரிங், மற்றொன்று ஹாட்ஸ்பாட். தமிழ்நாட்டு வீடுகளில் முதற்பெயர் பேசியின் அமைப்புகள் பட்டியலோடு நின்றுவிட, இரண்டாவது பெயர் வாய்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. ‘அப்பா, ஹாட்ஸ்பாட் போடுங்க’, ‘அக்கா, எனக்கு டேட்டா தீந்துடுச்சு, கொஞ்சம் நெட் குடு’ என்பவை நாள்தோறும் காதில் விழும் பேச்சு. ஹோட்டலை ஹொட்டல் என்று எழுதும் இலங்கை வழக்கில் இதே சொல் ஹொட்ஸ்பொட் என்று வரும். ஆங்கிலப் பெயர்கள் இரண்டில் ஒன்று கயிற்றைச் சொல்கிறது, மற்றொன்று இடத்தைச் சொல்கிறது. நடக்கும் செயல் என்ன என்பதை இரண்டுமே சொல்லவில்லை. அந்தச் செயலைச் சொல்வதற்குத் தமிழில் மிகப் பழைய வினையொன்று இருக்கிறது என்பதால்தான் இந்தச் சொல்லாய்வுக்கே பயன் உண்டாகிறது.

டெதர் என்பது மேய்ச்சல் நிலத்துச் சொல். பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், ஆட்டையோ மாட்டையோ முளைக்குச்சியில் கட்டி, கயிறு எட்டும் வட்டத்துக்குள் மட்டும் மேயவிடுவதற்கான கட்டுக்கயிற்றைக் குறித்தது. தமிழில் இதற்கு நேர் நிற்பது தாம்பு. முல்லைப்பாட்டில் ‘சிறுதாம்பு தொடுத்த பசலைக் கன்று’ என்று வருவது, சிறு கயிற்றில் கட்டுண்டு தாய்ப்பசு வரும்வரை தவித்து நிற்கும் இளங்கன்றையே. மதுரகவியாழ்வார் பாசுரத்தில் கண்ணனைக் கட்டுவதும் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’தான். தாம்புக்கயிறு என்ற தொடர் ஊர்ப்புறங்களில் இன்றும் மறையவில்லை.

இந்தக் கயிற்றுச் சொல் கைப்பேசிக்கு வந்ததில் நியாயம் இருந்தது. ஜிபிஆர்எஸ் என்ற பழைய கைப்பேசி இணைய நுட்பம் வழங்கிய காலத்தில் கைப்பேசியின் இணைப்பைக் கணினிக்குக் கொண்டுவர, பேசியோடு வரும் தரவுக் கம்பியைக் கணினியில் செருகி, நோக்கியா பிசி சூட் போன்றதொரு மென்பொருளைத் திறந்து, *99# என்ற எண்ணை அழைக்கச் செய்ய வேண்டியிருந்தது. பேசி அப்போது கணினிக்கு மோடமாக வேலை செய்தது. கம்பி எட்டும் தொலைவுக்கு அப்பால் கணினியை நகர்த்த முடியாது. உள்ளங்கையில் அடங்கும் பேசி முளைக்குச்சியாகவும், அதைவிடப் பலமடங்கு பெரிய கணினி அதில் கட்டப்பட்டதாகவும் இருந்த நிலையைப் பார்த்துப் பெயரிட்டவர்கள் டெதரிங் என்றது சரியான பெயரே. 2009இல் ஐபோனில் இந்த வசதி வந்தபோதும் இன்டர்நெட் டெதரிங் என்றே அழைக்கப்பட்டது. 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பு, யுஎஸ்பி கம்பி வழியாகக் கொடுப்பதற்கு டெதரிங் என்றும், கம்பியில்லாமல் கொடுப்பதற்கு ஹாட்ஸ்பாட் என்றும் இரு பெயர்களையும் அருகருகே வைத்தது. 2011இல் ஐபோனும் பர்சனல் ஹாட்ஸ்பாட் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. கயிறு போனதும் கயிற்றின் பெயரும் பின்னுக்குப் போயிற்று.

ஹாட்ஸ்பாட் என்ற சொல்லின் வரலாறு சற்றே குழப்பமானது. ஏதோ ஒன்று மிகுந்து செறிந்திருக்கும் இடம் என்பது அதன் பொதுப்பொருள். 1963இல் நிலவியலாளர் டூசோ வில்சன், ஹவாய்த் தீவுகளைப் போன்ற எரிமலை வரிசைகளுக்கு அடியில் இருக்கும் வெப்பமிகு பகுதியை விளக்கிய கருத்து இப்பெயரால் நிலைபெற்றது. 1988இல் நார்மன் மையர்ஸ் இதே சொல்லை உயிரினச் செறிவு மிகுந்தும் அழிவின் விளிம்பில் நின்றும் இருக்கும் நிலப்பகுதிகளுக்குப் பயன்படுத்தினார். மேற்குத்தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்து அத்தகைய பகுதிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றன. 2020இல் கொரோனா தொற்று மிகுந்த மாவட்டங்களைச் செய்திகள் ஹாட்ஸ்பாட் என்று கூறின. பள்ளிப் பாடம் திறன்பேசி வழியாக வீட்டுக்குள் வந்ததும் அதே ஆண்டில்தான் என்பதால், அச்சம் தரும் ஒன்றுக்கும் அவசியத் தேவையான ஒன்றுக்கும் ஒரே சொல் ஒரே காலத்தில் வழங்கிற்று.

இணையத்துறைக்கு இச்சொல் வந்த வழி வேறு. கம்பியில்லாக் குறும்பரப்பு வலையமைப்புக்கான 802.11 என்ற செந்தரம், அதாவது பொதுத் தொழில்நுட்ப விதிமுறை, 1997இல் வெளிவந்தது, 1999இல் அதற்கு வைஃபை என்ற வணிகப்பெயர் சூட்டப்பட்டது. அதன்பின் விமான நிலையங்கள், விடுதிகள், காப்பிக் கடைகள் ஆகியவற்றில் வாடிக்கையாளருக்கு வைஃபை கிடைக்கத் தொடங்கிய இடங்களை ஹாட்ஸ்பாட் என்றார்கள். அங்கே அச்சொல் உண்மையாகவே ஓர் இடத்தைக் குறித்தது. அந்தக் கடைக்குப் போனால் இணைப்பு கிடைக்கும், வெளியே வந்தால் கிடைக்காது. திறன்பேசியே அந்த வேலையைச் செய்யத் தொடங்கியபோது இடம் என்ற பொருள் ஆட்டங்கண்டது. காலையில் ஜன்னலோரத்தில் வைக்கப்பட்டு வீடு முழுவதற்கும் இணைப்புக் கொடுத்த அப்பாவின் பேசி, அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவர் சட்டைப்பையில் ஏறிக்கொண்டு போய்விடுகிறது. பிள்ளைகளின் பாடம் பாதியில் நிற்கிறது. இடத்தைக் குறிக்கும் பெயர், இடம்பெயரும் கருவிக்கு ஆகி வந்த கதை இது.

இதனால்தான் ஹாட்ஸ்பாட்டைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி ‘வெப்பப்புள்ளி’ என்றோ ‘சூடான இடம்’ என்றோ எழுதுவது தவறாகிறது. நிலவியலில் வெப்பப்புள்ளிக்குப் பொருள் உண்டு, ஏனெனில் அங்கே உண்மையிலேயே வெப்பம் இருக்கிறது. கைப்பேசியில் அப்படி எழுதினால் பேசி சூடாவதைச் சொல்வதாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார். நீண்ட நேரம் இணைப்பைக் கொடுக்கும் பேசி சூடாவதும் உண்டு என்பதால் அந்தக் குழப்பம் இன்னும் கூடும்.

சமூக ஊடகங்களில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் கலைச்சொல் பட்டியல் ஒன்றில் வாட்ஸப்புக்குப் புலனம், வைஃபைக்கு அருகலை, புளூடூத்துக்கு ஊடலை என்பவற்றோடு ஹாட்ஸ்பாட்டுக்குப் ‘பகிரலை’ என்ற சொல்லும் இடம்பெற்றிருக்கிறது. பகிர் என்ற வினையோடு அலை சேர்ந்த வினைத்தொகை இது. பகிர்ந்த அலை, பகிர்கின்ற அலை, பகிரும் அலை என முக்காலத்துக்கும் விரியும். சுருக்கமாக இருக்கிறது, அருகலை, ஊடலை என்ற வரிசையோடு ஒத்துப்போகிறது, செயலைக் குறிக்கும் வினையைத் தன்னுள் கொண்டிருக்கிறது. ஆக்கியவர் எவராயினும் வினையைத் தேர்ந்ததில் அவர் கூர்மை தெரிகிறது.

ஆயினும் இச்சொல்லில் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது, பேச்சுத் தமிழில் ‘பகிரலை’ என்றால் ‘பகிரவில்லை’ என்று பொருள். ‘அவன் வரலை’, ‘நான் பாக்கலை’ என்று நாளெல்லாம் பேசுகிறவர்களிடம் ‘அம்மா பகிரலை’ என்றால், அம்மா கொடுக்கவில்லை என்றுதான் புரியும். அதே பட்டியலில் ஆன்லைனுக்குச் சொல்லப்படும் இயங்கலைக்கும் இந்த இடர் உண்டு. எழுத்தில் ஒருவாறு தப்பிக்கலாம், வாய்வழி வழங்க வேண்டிய சொல்லுக்கு இது சிறிய குறை அன்று. இரண்டாவது, யுஎஸ்பி கம்பி வழியாகக் கொடுக்கும்போது பேசிக்கும் கணினிக்கும் இடையே அலையே இல்லை. ஆகவே பகிரலை என்பது ஹாட்ஸ்பாட்டுக்குப் பொருந்தினாலும் டெதரிங்கை அடக்காது. ஒரே செயலின் இரண்டு வழிகளுக்குத் தொடர்பே இல்லாத இரண்டு பெயர்கள் இருப்பது ஆங்கிலத்தில் வரலாற்றால் நேர்ந்தது. தமிழில் அதை நாமாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி, பகிர் என்ற வினை. இதன் வேர் பகு. பகுதி, பாதி ஆகியவை இவ்வேரின் கிளைகள். பகல் என்பதற்கு நடு என்ற பொருளும் உண்டு. நுகத்தடியின் நடுவிலுள்ள ஆணியைப் பட்டினப்பாலை ‘நெடுநுகத்துப் பகல்’ என்கிறது. ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்ற குறளில் வரும் பகுத்தலும் இதுவே. தன்னிடம் இருக்கும் ஒன்றைப் பிரித்து, ஒரு பகுதியைப் பிறருக்குக் கொடுத்து, எஞ்சியதைத் தான் கொள்வதே பகிர்தலின் அடிப்படைப் பொருள். கொடுப்பவரிடம் குறையும் என்பது அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. சமூக ஊடகத்தில் ஒரு படத்தைப் ‘பகிர்ந்தேன்’ என்கிறபோது இந்தப் பொருள் தளர்ந்துவிடுகிறது, ஏனெனில் நூறு பேருக்கு அனுப்பினாலும் அனுப்பியவரிடம் படம் முழுமையாகவே இருக்கிறது. இணைய இணைப்பைக் கொடுக்கும்போதோ வினை தன் பழைய பொருளுக்கே திரும்பிவருகிறது.

எவ்வாறு என்பதைப் பேசிக்குள் நடப்பதைக் கொண்டு பார்க்கலாம். ஹாட்ஸ்பாட்டை இயக்கியதும் திறன்பேசி ஒரு சிறு திசைவியாக, அதாவது ரவுட்டராக, மாறுகிறது. தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி ஒன்றை வழங்குகிறது. ஆண்ட்ராய்டு பேசிகள் பலவற்றில் நெடுங்காலம் 192.168.43 என்று தொடங்கும் முகவரிகளும், ஐபோனில் 172.20.10 என்று தொடங்கும் முகவரிகளும் இவ்வாறு வழங்கப்பட்டவையே. மடிக்கணினியிலிருந்து போகும் வேண்டுகோள் எதுவாயினும் பேசி அதன் முகவரியை மாற்றித் தன் பெயரில் வெளியே அனுப்பி, வரும் விடையை உரிய கருவியிடம் திருப்பிச் சேர்க்கிறது. வெளியுலகுக்குத் தெரிவது ஒரே ஒரு சிம் அட்டைதான். அதற்கென்று கோபுரத்திலிருந்து கிடைக்கும் வேகம் எவ்வளவோ அதைத்தான் இணைந்த கருவிகள் அனைத்தும் பிரித்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி என்று அளந்து கொடுக்கும் திட்டமானால் அந்த அளவும் பிரிகிறது. மின்கலமும் வழக்கத்தைவிட விரைவாகத் தீர்கிறது. குரல் அழைப்பையும் 4ஜி வழியாகவே கொண்டுசெல்லும் வோல்ட்டி வசதியில்லாத இணைப்பில், பேசி உள்ளவருக்கு ஓர் அழைப்பு வந்துவிட்டால் பேசி 4ஜியை விட்டுப் பழைய வலையமைப்புக்கு இறங்குவதால், வீட்டிலிருக்கும் எல்லாருடைய இணைப்பும் தடுமாறும் அல்லது நின்றுபோகும்.

பிரிகிறது என்பதை உணராததால் நேரும் இழப்பை வீடுகளில் அடிக்கடி காணலாம். மடிக்கணினிக்குத் தெரிந்ததெல்லாம் தான் வைஃபையில் இருக்கிறது என்பதுதான். அளவில்லாத வீட்டு இணைப்பு என்று கொண்டு, விண்டோஸ் புதுப்பிப்புகளையும் மேகச் சேமிப்பின் படங்களையும் பின்னணியில் இறக்கத் தொடங்கிவிடும். காலை ஒன்பது மணிக்குள் அன்றைய ஒதுக்கீடு முடிந்து, திட்டத்தின்படி வேகம் நொடிக்கு 64 கிலோபிட் ஆகக் குறைந்துவிட்டால், ஒரு பக்கம் திறப்பதே பெரும்பாடு. அந்த இணைப்பு அளந்து கொடுக்கப்படுவது என்று விண்டோஸ் அமைப்புகளில் குறித்துவைத்தால் கணினி தன்னை அடக்கிக்கொள்ளும். இந்த அமைப்புக்கு ‘அளவுடை இணைப்பு’ என்று தமிழில் சொல்லலாம். ஹாட்ஸ்பாட் என்ற பெயரோ இப்படிப் பிரிவதைப் பற்றி எதுவும் தெரிவிக்காது. பகிர்வு என்ற பெயர் தெரிவிக்கும்.

பகிர்வுக்கு முன்னால் எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்பதில் சற்று நிதானம் வேண்டும். ‘தரவுப் பகிர்வு’ என்றால் நிறுவனங்கள் பயனரின் விவரங்களைப் பிறருக்குக் கொடுப்பது நினைவுக்கு வரும். ‘இணைப்புப் பகிர்வு’ என்றால் ஒரு பக்கத்தின் சுட்டியை அனுப்புவது என்று பொருள்பட்டுவிடும், ஏனெனில் சுட்டியையும் பலர் இணைப்பு என்றே எழுதுகிறார்கள். ‘இணையப் பகிர்வு’ என்பதிலும் ஓர் ஐயம் எழலாம். அதை இரண்டாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் இணையத்தைப் பகிர்தல், ஏழாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் இணையத்தில் பகிர்தல். பின்னதற்குப் பெரும்பாலும் பகிர்வு என்ற தனிச்சொல்லே போதுமானதாக வழங்கிவருவதால், இணையப் பகிர்வு என்பதை முன்னைய பொருளுக்கே உரியதாக ஒதுக்கிக்கொள்வதில் தடையில்லை. மக்கள் ‘நெட் ஷேர் பண்ணு’ என்று சொல்வதும் இந்த விரிவையே. ஆகவே வசதி முழுமைக்கும் இணையப் பகிர்வு என்ற பொதுப்பெயரையே நான் கொள்வேன்.

வழிகளைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், வைஃபை ஹாட்ஸ்பாட்டை அருகலைப் பகிர்வு என்றும், யுஎஸ்பி டெதரிங்கைக் கம்பிவழிப் பகிர்வு என்றும், புளூடூத் டெதரிங்கை ஊடலைப் பகிர்வு என்றும் எழுதினால் மூன்றும் ஒரே செயலின் வகைகள் என்பது பெயரிலேயே விளங்கும். அருகலைப் பகிர்வு பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் கொடுப்பதற்கு ஏற்றது. அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் போகும், 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது, சுவரில் தளர்ந்துவிடும். கம்பிவழிப் பகிர்வில் ஒரு கணினிக்கு மட்டுமே கொடுக்க முடியும், ஆனால் இணைப்பு நிலையாக இருப்பதோடு பேசியும் கணினியிலிருந்து மின்னூட்டம் பெற்றுக்கொள்ளும். ஊடலைப் பகிர்வு மின்கலத்தைக் குறைவாகச் செலவழிக்கும், வேகமும் குறைவுதான். காப்பிக் கடையிலும் தொடர்வண்டி நிலையத்திலும் உள்ள பொது ஹாட்ஸ்பாட்டை இக்குடும்பத்தில் சேர்க்கலாகாது. அது இடத்தின் பெயர், அதற்கு அருகலை மையம் என்பது பொருந்தும்.

பெயர்ச்சொல்லைவிட வினைவடிவம்தான் திரையில் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அமைப்புகள் பட்டியலில் ‘பகிர்வைத் தொடங்கு’, ‘பகிர்வை நிறுத்து’ என்பன போதும். கொடுக்கும் பேசியைப் பகிர்பேசி என்றும், பெறுபவற்றைப் பெறுகருவிகள் என்றும் சொன்னால், ‘இப்பகிர்பேசியில் மூன்று பெறுகருவிகள் இணைந்துள்ளன’ என்று ஓர் அறிவிப்பை இடரில்லாமல் எழுதிவிடலாம். கடவுச்சொல்லுக்குப் புதுச்சொல் தேவையில்லை, அது ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. எட்டு எழுத்துக்குக் குறையாமல் அதை அமைக்கச் சொல்லும் வரிக்கு அருகிலேயே, இணையும் கருவிகள் அனைத்தும் இந்தச் சிம் அட்டையின் தரவு ஒதுக்கீட்டையே பகிர்ந்துகொள்ளும் என்ற ஒரு வரியையும் தமிழில் சேர்ப்பது பேசி உருவாக்குவோரால் எளிதில் செய்யக்கூடியது.